பலர்பால்

மாலைத் தமிழ்ப் பள்ளியில்
ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது என் இலக்கணம்.
பிறகு முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினேன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் சந்தைக்கும்
சந்தையிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும்.
இருந்தும் ஒரே ஒரு சொல்லை
பண்டிதனைப்போல் கையாண்டிருக்கிறேன்.

கோவில் செயலாளர் டானி மூட்லி கேட்பான்:
"சலோஷ்னி மார்னிங்சைடில் வீடு எடுத்திருக்காளாமே,
மாப்பிள்ளை யாரு?"
இங்கிலீஷில்தான் கேட்பான்.
இங்கிலீஷில் பதில் சொன்னால்
இரண்டாவது வாக்கியத்தில் மாட்டிக்கொள்வேன்.
ஹீ என்றால் பொய்.
ஷீ என்றால் செய்தி.

அதனால் தமிழுக்குத் தாவுவேன்.
அவர் பாங்கில் இருக்கிறார்.
அவருக்குக் காரம் ஆகாது.
போன மாசம்தான் அவர் கார் மாற்றினார்.
டானிக்குப் பாதிதான் புரியும்.
"மருமகனுக்கு என்ன மரியாதை!" என்பான்.
பெரியவர் இன்னும் தாய்மொழியை விடவில்லை என்று
ஆண்டு விழாவில் எனக்கு ஒரு மாலைகூடப் போட்டார்கள்.
சாமந்தி. கழுத்து அரித்தது.

அவர் என்பது பலர்பால்,
மரியாதைக்கு ஒருவருக்கும் வரும்
என்று சொல்லித் தந்தார் வாத்தியார்.
பயத்துக்கும் வரும் என்று சொல்லவில்லை.

ஆறு வருஷம்.
'ள்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'ர்' வைத்து
அதன் பின்னால் ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தேன்.
பெயரையும் சொன்னதில்லை.
அந்தப் பெயர் ஒரே சமயத்தில் இரண்டு கதவைத் திறக்கும்:
பெண் என்று ஒன்று, ஜூலு என்று ஒன்று.
எந்தக் கதவுக்கு நான் அதிகம் பயந்தேன் என்று
என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

என் மனைவி மங்களத்துக்குப் பொய் வராது.
அவள் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.
பட்டுப்புடவைகள் பெட்டியில் மடிப்போடு கிழிந்தன.

போன சனிக்கிழமை சம்பந்தியம்மா வந்தார்,
உம்லாசியிலிருந்து, இரண்டு டாக்ஸி மாறி.
நடுவில் இருப்பது ஒரு ஆறுதான்;
அதைக் கடக்க எங்களுக்கு இத்தனை நாள்.
தெம்பெகிலே என்று பெயர்.
பிளாஸ்டிக் பை நிறைய மதும்பிக் கிழங்கு,
மண்கூட உதிராமல்.
செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில்
பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்;
சாட்சிக்கு நானும் அவரும்.

எனக்குத் தெரிந்த பஸ் ஜூலுவில் கேட்டேன்,
உங்கள் சபையில் என்ன சொல்லிவைத்திருக்கிறீர்கள்?
"யேனா" என்றார்.
எங்கள் மொழியில் ஆணும் யேனா, பெண்ணும் யேனா.
யேனா படித்த ஆள், யேனா குடிப்பதில்லை,
அது போதுமாயிருந்தது.
பாதிரியார் ஆறு வருஷமாக உங்கள் மகளுக்காக ஜெபிக்கிறார்,
நல்ல கணவனாக இருக்கட்டுமென்று.

சிரித்தோம்.
எனக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.
அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
ஒரே திருட்டை இரண்டு ஊரில் செய்தவர்கள்
சந்தித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி.

மங்களம் சிரிக்கவில்லை.
கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்:
"ரெண்டு பேரும் நல்லா இலக்கணம் பாத்திருக்கீங்க.
பிள்ளைங்களுக்குப் பேர்னு ஒண்ணு வச்சோமே,
அது எதுக்கு?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
யாரும் எழுந்துபோய் மூடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன்.
எனக்குப் பின்னால் டானி,
அவனுக்குப் பின்னால் அவன் அக்கா,
அதற்குப் பின்னால் பாதி அரீனா பார்க்.
குருக்கள் யாழ்ப்பாணத்தவர், ஊருக்குப் புதிது.
பெயர், நட்சத்திரம் கேட்டார்.

சலோஷ்னி, ரேவதி.

அடுத்தது?

நொம்புசோ, என்றேன்.
நட்சத்திரம் தெரியாது.
அவள் பெண்சாதி.

மணிச் சத்தத்தில் கேட்கவில்லைபோல.
குருக்கள் மணியை நிறுத்திவிட்டு
காதை என் பக்கம் சாய்த்தார்.
இன்னொரு தரம் சொல்லுங்கோ, ஐயா.